மானியின் முகம் எந்தப் பக்கம்: சித்திரபுரத்து மின்சாரமும் வீட்டுக் கணக்கும்

மூணாறை அடுத்த பள்ளிவாசல் பகுதியில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த சித்திரபுரத்தை ஒட்டி, கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டமான பள்ளிவாசல் மின்நிலையம் இயங்குகிறது. திருவிதாங்கூர் அரசு 1940-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த இந்நிலையத்துக்கு முதிரப்புழை ஆற்றின் நீர் மலைமேலிருந்து இரும்புக் குழாய்கள் வழியாக ஏறத்தாழ 600 மீட்டர் இறங்கி வருகிறது. கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சக்கரங்களின் மேல் அந்த நீர் பாய்ச்சப்பட, சக்கரம் சுழன்று மின்னாக்கியை இயக்குகிறது. 1,000 லிட்டர் நீர் 600 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1.6 யூனிட்டைச் சற்றே தாண்டும். குழாயிலும் சக்கரத்திலும் மின்னாக்கியிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 1.4 யூனிட் மின்சாரமாகக் கிடைக்கும். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடும்போது செலவாகும் ஆற்றல். ஆகவே இந்நிலையத்தைப் பொறுத்தவரை ஒரு யூனிட்டின் பின்னால் ஏறக்குறைய 700 லிட்டர் மலைநீர் நிற்கிறது என்று கொள்ளலாம். மூணாற்றுக் குளிரில், 15 லிட்டர் கொள்ளளவுள்ள கெய்சரில் 15 பாகை நீரை 55 பாகைக்குச் சூடேற்ற 0.7 யூனிட் வேண்டும். அந்த ஒரு குளியலுக்காக 490 லிட்டர் நீர் மலையிறங்குகிறது, மின்கம்பிகளில் ஆகும் இழப்பு தனி.

இந்தக் கணக்கை மின்நிலையத்தில் பணிபுரிபவர்கள் அன்றாடம் அறிவர். எவ்வளவு நீர் வந்தது, எத்தனை யூனிட் பிறந்தது, எந்தப் பாதையில் எவ்வளவு அனுப்பப்பட்டது என்பன மணிக்கு மணி ஏட்டில் ஏறுகின்றன. ஆனால் அதே மின்சாரம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தபின், அது எந்தக் கருவியால், எந்த நேரத்தில், எவ்வளவு செலவாகிறது என்பதை அவ்வீட்டார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரே ஓர் எண்ணிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உற்பத்தி முனையில் இவ்வளவு நுட்பமான அளவும் நுகர்வு முனையில் இவ்வளவு மங்கலான அறிவும் ஒரே கம்பியின் இரு நுனிகளில் எப்படி அமைந்தன என்று கேட்டால், அதற்கான விடை அளக்கும் கருவிகளின் வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

மின்சாரத்துக்கு முன்னால் நிலக்கரி வாயு அளக்கப்பட்டது. லண்டன் தெருக்களும் வீடுகளும் வாயு விளக்குக்கு மாறிய தொடக்க ஆண்டுகளில், விளக்கின் எண்ணிக்கையையும் எரியும் மணிநேரத்தையும் கொண்டே கட்டணம் விதிக்கப்பட்டது. யார் எப்போது அணைத்தார் என்பது நம்பிக்கை சார்ந்த விஷயமாகவே இருந்தது. 1815-இல் சாமுவேல் கிளெக் என்ற பொறியாளர், நீரில் பாதி மூழ்கிய உருளை ஒன்று வாயுவின் அழுத்தத்தால் சுழன்று அளவு காட்டும் மானியை உருவாக்கினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், காசு போட்டால் அக்காசுக்குரிய வாயுவை மட்டும் திறந்துவிடும் மானிகள் இங்கிலாந்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வந்தன. இன்று முன்பணம் செலுத்தும் மின்மானி எனப் பேசப்படுவதன் மூதாதை அதுவே. தமிழ்நாட்டு, கேரளத்துச் சமையலறைகளில் உள்ள 14.2 கிலோ எரிவாயு உருளையையும் இதே வரிசையில் வைக்கலாம்: விலையை முன்பே கொடுத்து, அளவைக் கண்முன் வைத்து, தீரும் நாளை ஏறத்தாழ முன்கூட்டியே கணித்துக்கொள்ளும் வாய்ப்பை அது தருகிறது. எரிவாயுவைச் சிக்கனமாகக் கையாளும் குடும்பமே மின்சாரத்தில் கைதவறிப்போவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

மின்சாரத்தை விற்கத் தொடங்கியபோது தாமஸ் எடிசன் அதை எடைபோட்டார் என்பது மிகையல்ல. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவர் திறந்த மின்நிலையத்தின் வாடிக்கையாளர் வீடுகளில், துத்தநாக சல்பேட் கரைசலில் துத்தநாகத் தகடுகள் தோய்ந்த சாடிகள் வைக்கப்பட்டன. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தின் மிகச் சிறிய பங்கு அச்சாடி வழியாகப் பாயும்போது ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மறு தகட்டில் படியும். மாதந்தோறும் ஊழியர் ஒருவர் தகடுகளைக் கழற்றி அலுவலகத்துக்கு எடுத்துச்சென்று நிறுத்துப் பார்ப்பார். எடை மாறியிருக்கும் அளவே கட்டணத்தின் அளவு. குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாதிருக்கப் பெட்டிக்குள் ஒரு விளக்கும் வைக்கப்பட்டது. தத்துவ அளவில் இது சரியான முறைதான். ஆயினும், சாடியைத் தன் சுவரிலேயே வைத்திருந்த வீட்டுக்காரருக்கு அதில் படிப்பதற்கு எதுவும் இல்லை. தன் செலவின் அளவை அவர் மாத முடிவில் நிறுவனம் சொல்லித்தான் அறிய முடிந்தது. வழங்குபவர் அளந்து, வழங்குபவரே படித்து, பயன்படுத்துபவர் ஏற்றுக்கொள்ளும் இந்த அமைப்பு எடிசனின் சாடி மறைந்த பின்னும் மறையவில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்பட வேண்டியது.

மாறுதிசை மின்னோட்டம் பரவியபோது சாடிமுறை பயனற்றுப்போனது. திசை மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டத்தில் தகட்டில் படிந்தது மறுகணமே கரைந்துவிடும். 1885-இல் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப்புலத்தின் தத்துவத்தைக் காட்டியதையடுத்து, 1888-இல் அமெரிக்காவில் ஆலிவர் ஷாலன்பெர்கரும், 1889-இல் ஹங்கேரியின் கான்ஸ் நிறுவனத்தில் ஓட்டோ பிளாத்தியும் சுழல்வகை மானிகளை உருவாக்கினர். பிளாத்தியின் வழியில் வளர்ந்த மானியில் இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. ஒன்றில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தமும், மற்றதில் வீடு இழுக்கும் மின்னோட்டமும் காந்தப்புலங்களை எழுப்ப, இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் அலுமினியத் தட்டில் சுழல் மின்னோட்டங்கள் பிறந்து அதைத் திருப்புகின்றன. தட்டின் ஓரத்தில் வைத்த நிலைக்காந்தம் அதைத் தடுத்துப்பிடிப்பதால், தட்டு சுழலும் வேகம் செலவாகும் திறனுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. பற்சக்கரங்கள் அச்சுழற்சிகளை எண்ணி யூனிட்டாக மாற்றிக் காட்டுகின்றன. நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கும் வீட்டுச் சுவர்களில் ஓடியது இந்தத் தட்டுதான். கொல்லத்தில் 1950-இல் தொடங்கிய யுனைடெட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இத்தகைய மானிகளை இந்தியாவிலேயே செய்தன.

இந்தத் தட்டுக்கு ஓர் அரிய குணம் இருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் அது விரையும், ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் ஊரும். எழுத்தறியாதவரும் ஒரு கருவியின் பசியைக் கண்ணால் காணலாம். இப்போதைய மின்னணு மானியில் தட்டுக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. மானியின் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால் 3,200 சிமிட்டல்கள் ஒரு யூனிட் என்று பொருள். 1,000 வாட் கருவி ஓடும்போது அத்தகைய மானி ஏறத்தாழ 1.1 நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். இதை அறிந்தவர் கைக்கடிகாரத்தைக் கொண்டே தம் வீட்டின் ஒவ்வொரு கருவியையும் அளந்துவிடலாம். பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்கப்படாதது வருந்தத்தக்கது.

பெரிய கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் யூனிட் மட்டும் போதவில்லை. ஆயிரம் யூனிட்டை மாதம் முழுவதும் சீராகச் செலவிடுபவருக்கும், சில மணி நேரத்தில் ஒரேயடியாக இழுப்பவருக்கும் மின்நிலையம் தாங்க வேண்டிய சுமை வேறு. 1892-இல் ஜான் ஹாப்கின்சன் இந்தக் கருத்தை முன்வைத்து இருபகுதிக் கட்டணத்துக்கு வழிகாட்ட, பிரைட்டன் நகரின் ஆர்தர் ரைட் உச்சத் தேவையைப் பதிவுசெய்யும் மானியை உருவாக்கினார். இலைகளை வாட்டும் விசிறிகளும் நொறுக்கும் உருளைகளும் கொழுந்து மிகுந்த பருவத்தில் ஒருசேர ஓடும் தேயிலைத் தொழிற்சாலைக்கு இந்த உச்சத் தேவை மின்கட்டணத்தின் ஒரு கூறு. ஆகவே எந்த இயந்திரத்தை எப்போது தொடங்குவது என்று திட்டமிடும் பழக்கம் அங்கு உண்டு. பள்ளிவாசல் வழிநெடுகப் பெருகியுள்ள விடுதிகளில், அறைச் சாவியட்டையைச் சுவரிலுள்ள பிளவில் செருகினால்தான் விளக்கு எரியும் அமைப்பு இதன் எளிய உறவு. பணம் கட்டுபவர் ஒருவரும் பயன்படுத்துபவர் இன்னொருவருமாக இருக்கும் இடத்தில் அது பிறந்திருக்கிறது.

வீட்டார் தம் மானியைக் காண்பது செலவை மாற்றுமா என்பதற்கு, அமெரிக்கச் சூழலியல் அறிஞர் டொனெல்லா மெடோஸ் பதிவுசெய்த ஒரு செய்தி பலராலும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரே அமைப்பில் கட்டிய வீடுகளில், சிலவற்றில் மானி நிலவறையிலும் சிலவற்றில் முன்கூடத்திலும் வைக்கப்பட்டிருந்தது. முன்கூடத்தில் வைத்த வீடுகளில் மின்செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாம். அது முறைப்படி நடத்திய ஆய்வாக அன்றி ஒரு கருத்தரங்கில் கேட்ட செய்தியாகவே அவரிடம் வந்தது என்பதால், அந்த அளவை அப்படியே இங்கு பொருத்த முடியாது. ஆயினும் அது எழுப்பும் கேள்வி வலியது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மின்மானி பெரும்பாலும் வெளிச்சுவரில், கணக்கெடுக்க வரும் ஊழியர் எளிதில் பார்க்கும் உயரத்தில், வீட்டின் வாழ்வுக்கு முதுகு காட்டி நிற்கிறது.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, சரியான மானி இன்றி மின்சாரம் வழங்கலாகாது என்கிறது. அதையொட்டி மத்திய மின்சார ஆணையம் 2006-இல் வெளியிட்ட மானி ஒழுங்குமுறைகள், நுகர்வோரின் வளாகத்துக்கு வெளியே மானியைப் பொருத்தினால், செலவைக் கணத்துக்குக் கணம் காட்டும் ஒரு காட்சிக் கருவியை வளாகத்துக்குள் மின்வினியோகர் தர வேண்டும் என விதிக்கின்றன. கட்டணத்துக்கு மானியின் அளவே ஏற்கப்படும், காட்சிக் கருவி நுகர்வோரின் அறிதலுக்காக மட்டுமே என்றும் தெளிவுபடுத்துகின்றன. அறிதலுக்காக ஒரு கருவி என்ற எண்ணம் இந்தியச் சட்டத்தில் இவ்வாறு எழுத்தில் இடம்பெற்றது சிறப்பே. ஆனால் வளாகத்துச் சுற்றுச்சுவருக்குள், வீட்டின் புறச்சுவரில் மானி நிற்குமானால் இவ்விதி பொருந்தாது. வீட்டார் எண்ணைப் பார்க்க வாசலைத் தாண்டி வெளியேதான் வர வேண்டும்.

இந்த அறிதல் கேரளத்தில் பணமதிப்புள்ளது. அங்கு வீட்டு மின்கட்டணம் மாதம் 250 யூனிட் வரை அடுக்குமுறையில் கணக்கிடப்படுகிறது. அதாவது முதல் அடுக்கு யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, அடுத்த அடுக்குக்குச் சற்றுக் கூடுதல் விலை என ஏறும். 250-ஐத் தாண்டினால் அடுக்குகள் கலைந்து, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்விலை விழுகிறது. கணக்கெடுப்பு இரு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் எல்லை 500 யூனிட். ஐம்பதாவது நாளில் தம் மானி எங்கே நிற்கிறது என்று அறிந்த குடும்பம் மிஞ்சிய பத்து நாளில் கெய்சரைக் குறைத்து எல்லைக்குள் நின்றுவிடலாம்; அறியாத குடும்பத்துக்கு எல்லை தாண்டிய செய்தி ரசீதோடுதான் வரும். ஒரு விலைமுறை மக்களின் நடத்தையை மாற்றும் நோக்கோடு வகுக்கப்படுமானால், அவர்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளக்கூடிய நேரத்தில் அளவைக் கூறுவதும் அந்த விலைமுறையின் கடமையாகிறது.

மூணாறுப் பகுதியில் வேறோர் அடுக்கும் உண்டு. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம், கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் உரிமம் பெற்ற சிறு மின்வினியோகர்களில் ஒன்று. மின்வாரியத்திடமிருந்து மொத்தமாக மின்சாரம் வாங்கித் தன் பகுதிக்குள் வினியோகிக்கிறது. இத்தகைய அமைப்பில் மொத்தமாக வாங்கிய யூனிட்டுக்கும், உள்ளே உள்ள எல்லா மானிகளின் கூட்டுத்தொகைக்கும் இடையிலான வேறுபாடே வினியோக இழப்பு. கம்பியில் வெப்பமாகப் போனது, பழுதான மானி பதியாதது, களவாடப்பட்டது ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கும். ஒரு கட்டடத்துக்குள்ளும் இதே கழித்தல் கணக்கே எல்லா மேலாண்மைக்கும் அடிப்படை.

தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள், வரிசையாகச் சுவர் ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் வாழ்கின்றனர். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குழந்தைகள் காப்பகம், கல்வி, குடியிருப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு வைத்தது. மின்சாரத்துக்கென்று அதில் தனிப் பிரிவு இருக்கவில்லை. பள்ளிவாசல் மின்சாரம் 1943-லேயே ஆலுவாய் அலுமினியத் தொழிற்சாலைக்கு உலோகம் உருக்கத் தொடங்கியிருந்தது என்பதை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். மின்சாரம் மலையில் பிறந்தாலும், அதன் பயனைத் தொடக்கத்திலேயே அளந்து வாங்கியவற்றில் சமவெளித் தொழிலும் இருந்தது.

ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழும் இடத்தில் அளவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது தமிழ்நாட்டு நகரங்களிலும் கூர்மையான சிக்கல். அங்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்குக் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. தலா 150 யூனிட் செலவிடும் மூன்று குடும்பங்களுக்குத் தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொன்றும் 50 யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டும். மூன்றும் ஓர் இணைப்பில் இருந்தால் 450 யூனிட்டில் 100 போக 350-க்கும், அதில் பெரும்பகுதிக்கு மேலடுக்கு விலையில், கட்ட நேரும். வீட்டு உரிமையாளர்கள் குடித்தனக்காரருக்காகப் பொருத்தும் சப் மீட்டர் யூனிட்டை அளந்தாலும், விலை உரிமையாளர் சொல்வதாகவே அமைந்துவிடுகிறது. எளிய மனிதரின் சலுகை கருவியால் அன்றி இணைப்பின் வடிவத்தால் தேய்ந்துபோகிறது.

நீரை அளக்கும் வழக்கம் இங்கே மின்சாரத்துக்குப் பின்தங்கியே உள்ளது, கருவி அதற்கு முன்பே வந்தபோதிலும். வில்லியம் சீமென்ஸ் என்ற பொறியாளர் 1850-களிலேயே இங்கிலாந்தில் நீர்மானி செய்து வெற்றி கண்டார். கேரள நீர் ஆணையம் வீட்டு இணைப்புகளை மானி வைத்து அளக்கிறது. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலைக்கட்டணமே வழக்கம். அடுக்குமாடிக் கட்டடத்தில் சிக்கல் கட்டட அமைப்பிலேயே உள்ளது: மின்சாரம் ஒரு வீட்டுக்குள் ஒரே கம்பியில் நுழைகிறது, நீரோ மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு வேறு சில எனப் பல செங்குத்துக் குழாய்களில் இறங்குகிறது, ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு மானி போதாது. ஒவ்வொரு நுழைவிலும் சிறு மானி வைத்து, அவற்றின் அளவுகளைக் கம்பியின்றி ஒன்றுசேர்த்து, கைபேசியில் காட்டும் முறை இதற்கு வந்த தீர்வு. மீயொலி அலை நீரோட்டத்தோடு செல்லும் நேரத்தையும் எதிர்த்துச் செல்லும் நேரத்தையும் ஒப்பிட்டு வேகம் காணும் மானிகளில் தேயும் பாகங்கள் இல்லை. சென்னையைச் சேர்ந்த வீகாட் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் இயங்குகின்றன. தொட்டியிலிருந்து இறங்கிய நீருக்கும் வீட்டுமானிகளின் கூட்டுத்தொகைக்கும் இடையே நள்ளிரவிலும் வேறுபாடு தெரிந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று பொருள்; வினியோக இழப்பைக் காட்டிய அதே கழித்தல் கணக்கு. ஊற்றிலிருந்து ஓஸ் குழாய் போட்டு நீர் கொண்டுவரும் மலைச்சரிவு வீடுகளில் மானிக்கே இடமில்லை. அங்கு அளவு, கோடையில் ஊற்று மெலியும்போது அண்டை வீட்டாரோடு செய்துகொள்ளும் முறைவைப்பாகவே நிலவுகிறது.

இப்போது எல்லோரும் பேசுவது ஸ்மார்ட் மீட்டர். செலவைக் குறுகிய இடைவெளிகளில் பதிந்து, தானே தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் கட்டளையால் இணைப்பைத் துண்டிக்கவும் மீட்கவும் வல்ல மானி அது. 2021-இல் அறிவித்த மத்திய அரசின் திட்டம் நாடெங்கும் 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. தனியார் நிறுவனம் முதலிட்டுப் பொருத்திப் பராமரித்து, மானிக்கு இவ்வளவு என மாதந்தோறும் பெறும் முறையைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்த நிலையில், கேரளம் அதை ஏற்காமல், வாரியமே முதலிட்டு முதல் கட்டமாக ஏறத்தாழ 3 லட்சம் மானிகளை நிறுவும் வழியைத் தேர்ந்தது. முன்பண மானி வைத்தவரிடம் காப்புத்தொகை கேட்கலாகாது என்பது மின்சாரச் சட்டம் தரும் ஒரு நன்மை. மறுபுறம், இருப்புப் பணம் தீர்ந்த இரவில் இருளுக்குள் தள்ளப்படும் குடும்பம் தன் வறுமையால் தானே துண்டித்துக்கொண்டதாகக் கணக்கில் பதியும். கூலி கைக்கு வரும் நாளை எதிர்நோக்கி வாழும் தோட்டக் குடும்பங்களுக்கு இது சிறிய ஆபத்தல்ல. மலைமடிப்புகளில் சிதறிய லயன்களுக்குச் செய்தியலை ஒழுங்காகச் சென்று திரும்புமா என்பதும் நிறுவும் முன்பே சோதிக்கப்பட வேண்டியது.

குறுகிய இடைவெளி அளவுகள் வீட்டின் அந்தரங்கத்தையும் வெளிக்காட்டும். 1980-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட், வீட்டு மின்னோட்டம் ஏறி இறங்கும் படிகளைக் கொண்டே எந்தக் கருவி எப்போது ஓடியது எனப் பிரித்தறியும் முறையை வகுத்தார். வீட்டாரின் கையில் அது அரிய அறிவு. பிறர் கையில், உறங்கும் நேரமும் ஊரில் இல்லாத நாளும் கூறும் வேவு. நெதர்லாந்தின் மேலவை 2009-இல் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் சட்டத்தை இக்காரணத்தாலேயே தடுத்து, மறுக்கும் உரிமையை நுகர்வோருக்குப் பெற்றுத்தந்தது. இந்தியாவில் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றுள்ளதால், இந்த அளவுகள் யாருடையவை என்ற கேள்விக்கு இங்கும் நேரான விடை தேவைப்படுகிறது.

இந்திய ஸ்மார்ட் மீட்டருக்கான ஐ.எஸ். 16444 தரநிர்ணயம், வீட்டுக்குள் வைக்கும் காட்சிக் கருவியோடு மானி நேரடியாகப் பேசும் வசதியை வகுத்துள்ளது. ஆனால் அதைக் கட்டாயமாக்காமல், வாங்குபவரின் தேவைக்கு விட்டுள்ளது. இங்கு வாங்குபவர் என்பது மின்வினியோக நிறுவனமே. கைபேசிச் செயலி இருக்கிறதே என்பது இதற்குப் போதிய மறுமொழியாகாது; செயலியில் தெரிவது நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்பிய, பெரும்பாலும் காலம் தாழ்ந்த எண்; வீட்டிலுள்ள முதியவருக்கும் சிறுவருக்கும் அது சுவரில் தெரியாது. கேரளத்தில் மானியை வாங்குவது பொதுத்துறை வாரியம் என்பதால், அடுத்த கட்டக் கொள்முதலில் இந்த வசதியைச் சேர்க்கச் சொல்லும் இடம் மக்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணைகளில் திறந்தே இருக்கிறது. கட்டணம் உயர்த்தும் விசாரணைகளில் எழுப்பப்படும் குரல்கள், மானியில் என்ன இருக்க வேண்டும் என்ற நுட்ப விவரத்தையும் இனி கேட்டுப்பெற வேண்டும்.